கொடைக்கானல் பார்த்த ஆன்டெனா: மொட்டை மாடியில் ஏழு வருடம்

எங்கள் வீடு பரமக்குடியில். பின்கட்டில் இரண்டு கைத்தறி. அப்பா காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் கால் வைத்தால் ரேடியோவும் கூடவே பாட ஆரம்பிக்கும். கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகா ஹெர்ட்ஸ். நெசவில் இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்கும். பாட்டு நடுவில் இரைச்சல் வந்தால் எழுந்துபோய் ஏரியலைத் திருப்ப முடியாது. "டேய், பாட்டு போச்சு பாரு" என்று குரல் வரும். நான் ஓடிப்போய் ஏரியலில் சுற்றிய செம்புக் கம்பியை ஜன்னலின் மறுபக்கம் மாட்டுவேன். நான் பக்கத்தில் நிற்கும்வரை தெளிவாகக் கேட்கும், நகர்ந்ததும் மறுபடி இரையும்.

இதற்கு ஒரு வழி பண்ணியே ஆக வேண்டும் என்று 2018 தை மாதம் மொட்டை மாடியில் திசை ஆன்டெனா ஒன்றை ஏற்றினேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. வீட்டில் இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரின் நிலைமை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து பரமக்குடி நேர்கோட்டில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பண்பலை அலை ஏறத்தாழ கண்பார்வை போல நேராகப் போவது. அனுப்பும் இடம் அவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் இங்கே வரைக்கும் வந்து சேர்கிறது. ஆனால் வரும்போது மெலிந்துவிடுகிறது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. கொடைக்கானல் எங்களுக்கு வடமேற்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னார் தென்கிழக்கு. கிட்டத்தட்ட எதிரெதிர்த் திசை. பங்குனி, சித்திரை இரவுகளில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது இலங்கை நிலையங்கள் உள்ளூர் நிலையம் போல வந்து இறங்கும். கொடைக்கானல் பாட்டின் நடுவில் சிங்களச் செய்தி வந்து போகும்.

பண்பலையில் ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால் வலுவானது மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலமாக இருக்கும்போதுதான் மாறி மாறி வெட்டும். அதனால் நமக்கு வேண்டியதைக் கொஞ்சம் உயர்த்தி, வேண்டாததைக் கொஞ்சம் தாழ்த்தினாலே போதும். முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் குறைவாகவும் வாங்கும் ஆன்டெனாதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. எண்பதுகளில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி பார்ப்பதற்காக இந்தப் பக்கம் மாடிக்கு மாடி மீன்முள் மாதிரி ஆன்டெனா நின்றது. எல்லாம் தென்கிழக்கைப் பார்த்து நிற்கும். நான் வைத்ததும் அதே வகைதான், திசைதான் நேரெதிர். ஜப்பானில் 1926-இல் யாகி, உடா என்ற இரண்டு பொறியாளர்கள் வெளியிட்ட அமைப்பு இது.

தாத்தா காலத்து டிவி ஆன்டெனா பரணில் கிடந்தது. அதையே மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பிகள் நீளம் குறைவு, சரிவரவில்லை. 100.5-க்கு அலைநீளம் சுமார் 2.98 மீட்டர், கம்பிகள் அதில் பாதியை ஒட்டி இருக்க வேண்டும். அரை அங்குல அலுமினியக் குழாய் வாங்கினேன். பின்னால் நின்று அலையை முன்பக்கம் திருப்பிவிடும் பிரதிபலிப்பான் 150 சென்டிமீட்டர், அடுத்து கேபிள் சேரும் மடித்த கம்பி 142, முன்னால் அலையைக் குவித்துக் கொடுக்கும் இரண்டு வழிகாட்டிகள் 133, 131. மடித்த கம்பியை வளைப்பதுதான் கஷ்டம். வெறுமனே வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். சலித்த காய்ந்த மணலைக் குழாய் நிறைய இடித்துச் சேர்த்து, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, கடப்பாரையில் அணைத்து மெதுவாக வளைத்தேன். முதல் குழாய் ஒடிந்தது, இரண்டாவது அழகாக வந்தது. பழைய டிவியின் பின்னால் இரண்டு கால் நீட்டிக்கொண்டு இருக்குமே, ஆன்டெனாவையும் கேபிளையும் பொருத்தும் அந்தச் சின்ன மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரை இதில் சேர்த்து, அங்கிருந்து டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளைக் கீழே இறக்கினேன். ஆன்டெனாவைத் தாங்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், கிளாம்ப், பைப்பை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி, கேபிள் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது.

திசை பார்க்கும்போது செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். செல்போன் திசைகாட்டியை ஜிஐ பைப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரும்பு அதை இழுத்துவிட்டது, ஆன்டெனா வடக்குப் பக்கம் நின்றது. பிறகு வரைபடத்தில் எங்கள் மாடியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். அந்தக் கோடு எங்கள் தெருமுனைக் குடிநீர்த் தொட்டியின் இடது ஓரத்தைத் தொட்டுப் போனது. அந்த ஓரத்தைக் கண்ணால் குறிபார்த்து முடுக்கினேன். கீழே வந்து ரேடியோவைப் போட்டால் இரைச்சல் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தறியில் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு முழுப்பாட்டையும் கேட்டார். மதுரையும் ஏறக்குறைய அதே திசை என்பதால் மதுரை வானொலியின் 103.3-ம் கூடவே சுத்தமாக வந்தது.

அடுத்த மாதமே, வரும் அலையைப் பெரிதாக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அது வேண்டாத வேலை. நூறு கிலோமீட்டருக்கு உள்ளே இருக்கும் மதுரைத் தனியார் நிலையங்களும் சேர்ந்து பெருத்து, இல்லாத இடத்தில் எல்லாம் அவற்றின் நிழல் குரல் கேட்டது. பத்து நாளில் கழற்றிவிட்டேன். ஆன்டெனாவையும் உயரத்தையும் சரிபண்ணாமல் பூஸ்டர் வாங்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் எல்இடி பல்பு, மலிவு சார்ஜர் இரைச்சலையும் பூஸ்டர் பிரித்துப் பார்க்காது, எல்லாவற்றையும் சேர்த்தேதான் பெரிதாக்கும்.

அப்புறம் வந்த தொல்லை எல்லாம் வெயிலும் மழையும் காற்றும்தான். முதல் ஆடியில் காற்று ஒரு கிளாம்பைத் தளர்த்தி ஆன்டெனாவைத் திருப்பிவிட்டது. இப்போது இரண்டு யு-கிளாம்ப், மூன்று பக்கம் ஸ்டே கம்பி. இரண்டாம் வருட ஐப்பசி மழை முடிந்ததும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. மேலே ஏறிக் கேபிள் முனையைப் பிரித்தேன். வெளிப்பின்னல் பச்சையாகப் பூத்து, உரித்த இடத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டடி கேபிளை வெட்டி எறிந்துவிட்டு, முனையை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டேன், தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும். அதிலிருந்து வருடா வருடம் புரட்டாசியில் ஏறிப் பார்த்துவிடுகிறேன். ஒரு தடவை மயில் வந்து உட்கார்ந்து முன் வழிகாட்டியை வளைத்துவிட்டுப் போனது. அதைக் கையாலேயே நிமிர்த்தினேன்.

நான்காம் வருடம் வடமேற்குப் பக்கத்து வீட்டில் மாடி எழும்பியது, பாட்டு மெலிந்தது. முதலில் பத்தடி பைப்தான் போட்டிருந்தேன். இருபதடியாக்கிய பிறகு பழையபடி வந்தது. இவ்வளவு உயரத்தில் இரும்பு நிற்கிறது என்பதால் பைப்புக்குத் தனியாக எர்த் கம்பி இறக்கியிருக்கிறேன். இடி தொடங்கும் முன்பே ரேடியோவிலிருந்து கேபிளை உருவிவிடுகிறோம். இதில் மட்டும் சோம்பல் படவே கூடாது.

சித்திரை இரவுகளில் இலங்கை இன்னும் சில நேரம் நுழையத்தான் செய்கிறது. முன்பு வாரத்தில் நாலு நாள், இப்போது மாதத்தில் இரண்டு மூன்று நாள். இதற்கு மேல் குறைக்க நீளமான ஆன்டெனா வேண்டும், எங்கள் மாடிக் காற்றுக்கு அது தாங்காது.

ஒரு விஷயம் நான் எதிர்பார்க்காதது. அப்பா சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். "அந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று ஒருநாள் கேட்டார். பைப்பை இருபதடியாக்கியபோது அடியில் ஒரு பெரிய பைப்பைப் பதித்து, அதற்குள் இது சுழலும்படி வைத்தேன். ஸ்டே கம்பிகளைத் தளர்வான வளையத்தில் கட்டிவிட்டேன். கைப்பிடிச் சுவரில் பெயின்டால் இரண்டு குறி, ஒன்று கொடைக்கானலுக்கு "கொ", இன்னொன்று மன்னாருக்கு "ம". வாரத்தில் ஆறு நாள் "கொ". தறிக்கு லீவு விடும் ஞாயிறு சாயங்காலம் அப்பாவே படியேறிப் போய்ப் பைப்பை "ம" பக்கம் திருப்பிவிட்டு வருவார்.