ஏழு வருடப் பழைய பூட்ஸைப் புதிது என்று விற்றார்கள்: அரை மாதச் சம்பளம் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலையேற்றச் சாமான்கள் மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடையில் அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி பூட்ஸ் வாங்கினேன். முதல் நீண்ட நடையிலேயே சோல் பிரிந்து கையோடு வந்துவிட்டது. கேட்டால் கையை விரிக்கிறார்கள். பூட்ஸ் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்தக் கடையின் சாட்டில், இந்த பூட்ஸ் எப்போது தயாரித்தது என்றுதான் நான் முதலில் கேட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பல பூட்ஸ்களில் மிட்சோல், அதாவது அடிச்சோலுக்கு மேலே மெத்தை மாதிரி இருக்கும் நடு அடுக்கு, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனது. காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், நீராற்பகுப்பு என்பார்கள். காலில் போடாமல் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும், சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். சாட்டில் பேசியவர் விஷயம் தெரிந்தவர். என் பாதம் அகலமா குறுகலா, முதுகில் எவ்வளவு சுமப்பேன், பாறையா மண்பாதையா என்றெல்லாம் பொறுமையாக விசாரித்தார். இறக்கத்தில் விரல் முட்டாமல் இருக்க அரை அளவு பெரிதாக எடுங்கள் என்று அவராகவே சொன்னார். நல்ல கடைக்காரர் சொல்கிற யோசனை அது. அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. “இந்த வருடச் சரக்கு சார், பெட்டியே பிரிக்கவில்லை, கடைசி ஜோடி” என்றார். உடனே பணம் கட்டினேன்.

அன்றைய பாதை 15 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அதன்படி 4 மணி நேரம். ஓய்வுக்கும் நேரம் விட்டு, இருட்டுவதற்கு வெகுமுன்பே இறங்கிவிடும்படி திட்டம் போட்டிருந்தேன். இறங்கும்போது வலது குதிகால் வழுக்கியது. குனிந்து பார்த்தால் சோல் பின்பக்கம் வாயைப் பிளந்து தொங்குகிறது. விரலால் தொட்டேன், மிட்சோல் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இடது காலும் அதே கதி. கயிற்றால் கட்டிக்கொண்டு, ஈரப் பாறையில் நண்பரின் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக இறங்கினேன். கீழே வந்தபோது நல்ல இருட்டு. ஒரு கணுக்கால் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சாட்டில் பேசியவருக்கு அது தெரியாதா?

வீட்டுக்கு வந்து கழற்றினால், பூட்ஸில் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உட்புறம் அளவு எழுதி ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நனைந்து சுருண்டிருந்தது. உரித்தேன். அடியில் தைத்திருந்த சீட்டில் தயாரிப்பு மாதமும் வருடமும் தெளிவாக இருக்கின்றன. ஏழு வருடப் பழசு. அதை மறைக்கவே ஒட்டியிருக்கிறார்கள்.

புகார் கொடுத்தேன். முதலில் “வருந்துகிறோம், படம் அனுப்புங்கள்” என்றார்கள். அனுப்பினேன். அப்புறம் வேறொருவர் வந்து மறுபடியும் அதே படங்களைக் கேட்டார். அடுத்து, திருப்பி எடுக்கும் கெடு முடிந்துவிட்டதாம். பிறகு, நான் கல்லில் மோதியிருப்பேனாம், அது பயன்பாட்டுத் தேய்மானமாம். மலையேறும் பூட்ஸைக் கல்லில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? தேதிச் சீட்டின் படத்தை அனுப்பியதும் பதிலே நின்றுவிட்டது. அரை மாதச் சம்பளம்! அந்தக் காசைச் சேர்க்க நான் எத்தனை செலவைத் தள்ளிப்போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

விவரமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பணம் கட்டுமுன் தயாரிப்புத் தேதிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பூட்ஸ் வந்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். மிட்சோலைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்து, மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். கெடு முடிவதற்குள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிவிடுங்கள். பையில் கயிறும் ஒட்டுநாடாவும் எப்போதும் இருக்கட்டும். கார்டில் பணம் கட்டுங்கள், சாட்டில் பேசியதைப் படமெடுத்து வையுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க இப்போது என் கையில் இருப்பது அவை மட்டும்தான்.