காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: எதை எடுக்கலாம், எதை விடலாம்

பழம்பொருள் தேடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு தெருவைத்தான் காட்ட முடியும் என்றால் அது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருதான். ஆனால் அங்கே கிடைக்கும் எல்லாமே எடுக்கத்தக்கவை அல்ல. எனாமல் பாத்திரத்துக்கும் அடுப்படிச் சாமானுக்கும் முதல் இடம் தரலாம். பழைய அச்சுப் படம் வாங்க, பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். கிராமபோன், நாணயம் இரண்டையும் வேடிக்கை பார்த்துவிட்டு வருவது நல்லது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சரக்கு வந்த வழி. பர்மா, இலங்கை, மலாயா என்று தொழிலுக்குப் போன நகரத்தார் குடும்பங்கள் பெண்ணுக்குச் சீர் என்று அறை அறையாகச் சாமான் சேர்த்தன. பங்கு பிரியும்போதும் வீடு இடிபடும்போதும் அவை கடைக்கு வந்தன. இடிக்க மிஞ்சிய வீடுகள் குறையக் குறைய அந்த வரத்தும் சுருங்குகிறது. காலியான அலமாரியை உத்தரப் பிரதேசத்தின் முரதாபாத் பக்கத்துப் புதுப் பித்தளையும், நேற்று அச்சடித்துப் பழசாக்கிய படமும் நிரப்புகின்றன. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தூசியோடு இருக்கும். தூசியைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

கையில் ஒரு சின்னக் காந்தம், பத்து மடங்கு லென்ஸ், டார்ச், கொக்கித் தராசு, கொஞ்சம் பஞ்சு, ஈரத்துணி இருந்தால் போதும். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். பல கடைகளின் உள்பகுதிக்கு வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வருகிறது, குழல் விளக்கில் பார்த்தால் ஒட்டு, பூச்சு எதுவும் கண்ணில் படாது.

எனாமலில் தொடங்குவோம். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் உருக்கி ஒட்டியதுதான் எனாமல். ஆகவே காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது பெயின்ட் அடித்த அலுமினியம். அடுத்து, முகப்புப் பூவைப் பார்க்காமல் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். அடியில் தொழிற்சாலை முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது. சுவீடனின் கோக்கும்ஸ் முத்திரை இந்தத் தெருவில் அதிகம் தேடப்படுவது, பாலேட்டு நிறத்தில் பச்சை விளிம்பு போட்டது அவர்களின் பேர்பெற்ற சரக்கு. ‘மேட் இன் செக்கோஸ்லோவாகியா’ என்றிருந்தால் 1918-க்குப் பிந்தையது, அந்த நாடே அந்த வருடம்தான் பிறந்தது. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றிருந்தால் 1945-க்கும் 1952-க்கும் நடுவே வந்தது. முத்திரை இல்லாததும் நல்ல சரக்காக இருக்கலாம், ஆனால் முத்திரை உள்ளதற்குச் சொல்லும் விலையை அதற்குத் தர வேண்டியதில்லை.

அடியிலேயே இன்னொன்றும் கவனிக்கலாம். உட்புறம் கரண்டி கீறிய தடம் இருக்கிறது, தரையில் உட்காரும் வளையம் மட்டும் பளபளப்பு மாறாமல் இருக்கிறது என்றால் கணக்கு இடிக்கிறது. உண்மையாகப் புழங்கிய பாத்திரத்தில் அந்த வளையம்தான் முதலில் மங்கும். சூளையில் முள்மேல் நிறுத்திச் சுட்டதால் விளிம்பிலோ அடியிலோ இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள் இருக்கும். அதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கப் பார்த்தால் கடைக்காரர் சிரிப்பார்.

உடைந்த சில்லுதான் பெரிய சிக்கல். விளிம்பில் சில்லு போனால் உள்ளே இரும்பு துருப்பிடித்து, சுற்றியுள்ள கண்ணாடியையும் மெல்லத் தூக்கிவிடும். சிலர் அதன்மேல் வண்ணம் தடவி விற்கிறார்கள். சந்தேகப்படும் இடத்தில், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு முறை தேயுங்கள். சூளை எனாமலாக இருந்தால் அசையாது. தடவிய பெயின்ட் பஞ்சில் வந்துவிடும். டிபன் கேரியர் என்றால் ஒவ்வொரு அடுக்கையும் கழற்றித் திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்தது என்றால் ஒரு அடுக்கு ஆடும், அல்லது கொக்கி மூடிக்கு எட்டாது. வாங்கியதில் சமைக்கலாமா? வேண்டாம். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமலில் காட்மியமும் ஈயமும் இருக்க வாய்ப்பு உண்டு. புளியும் ஊறுகாயும் அதற்குள் போகவே கூடாது.

அடுத்தது சாமி படங்கள். ரவி வர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவ்லா பக்கம் மாறியது. ஆகவே கீழ் ஓரத்தில் பம்பாய் என்றிருக்கும் படம் முந்தையது, ‘கார்லா லோனாவ்லா’ என்றிருப்பது பிந்தையது. அந்த ஓரத்தை வெட்டிச் சட்டத்துக்குள் திணித்திருந்தால் விலையில் பெரிய பங்கு அங்கேயே போய்விட்டது. கல்லில் வரைந்து அச்சடித்த கல்லச்சா (லித்தோகிராப்), பின்னால் வந்த ஆப்செட்டா என்பதை லென்ஸ் ஒரு நொடியில் சொல்லிவிடும். லென்ஸை முகத்தின் கன்னப் பகுதியில் வையுங்கள். கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல் சிதறிக் கிடக்கும். ஆப்செட்டில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும்.

டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கிய படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் பழுப்பு எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். நிஜமான பழுப்புக்கு ஒரு வடிவம் உண்டு: பின்னால் அடித்த பலகைகளின் இடைவெளி எங்கே இருந்ததோ, அங்கே மட்டும் காகிதத்தில் கறுத்த கோடு விழுந்திருக்கும். சட்டத்தைத் திருப்பி அந்தக் கோடும் பலகை இடைவெளியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சரிகையும் ஜிகினாவும் துணியும் ஒட்டிய படங்களுக்குத் தனி மதிப்பு. அதில் துணியின் ஓரம் பெயர்ந்த இடம் இருந்தால் டார்ச் அடியுங்கள். துணிக்கு அடியில் ஒளிந்திருந்த வண்ணம் மட்டும் வெளுக்காமல் இருந்தால், அலங்காரம் பல வருடங்களுக்கு முன்பே ஒட்டியது. உள்ளும் புறமும் ஒரே வெளுப்பு என்றால் பழைய படத்துக்குப் புதிதாக உடுத்திவிட்டிருக்கிறார்கள்.

பித்தளையில் ஏமாறுவதும் சுலபம், தப்பிப்பதும் சுலபம். காந்தம் ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் கை படும் இடங்களைப் பாருங்கள்: பிடி, விளிம்பு, மூடிக் குமிழ். பழைய சாமானில் அவை தேய்ந்து வழவழப்பாகவும், சந்துகள் மட்டும் கறுத்தும் இருக்கும். அமிலம் காட்டிக் கறுப்பாக்கியதில் பிடியும் சந்தும் ஒரே கறுப்பு. குடும்ப விலாச எழுத்து (குடும்பத்தின் இனிஷியல்) வெட்டியிருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் எழுத்தைப் புதிதாகவும் வெட்டலாம். நகத்தால் தடவும்போது வெட்டின் ஓரம் கூர்மையாகத் தட்டினால் புதுசு. விலை பேசும் முன் தராசில் தொங்கவிட்டு, அன்றைய பித்தளை உடைசல் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எந்தக் கடைக்காரரும் வரமாட்டார், வரவும் தேவையில்லை. அதற்கு மேலே சொல்வதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும்தான், பேரம் அந்தப் பகுதியில் மட்டும் நடக்கட்டும். பூட்டு வாங்கினால் சாவி போட்டுப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள்.

கிராமபோன். மின்னும் பித்தளைப் புனல், எட்டுப் பட்டைப் பெட்டி, எச்எம்வி (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) கம்பெனியின் நாய்ப் படம் ஒட்டிய தகடு: இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது அலங்காரத்துக்காக இங்கேயே கூட்டிக் கட்டிய புதுப் பொம்மை. உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் ஏதோ பழைய கையடக்கப் பெட்டியிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். புனலைத் தாங்கும் முழங்கைபோன்ற குழாய் சட்டென்று மடங்கியிருக்கும், ஊசி தட்டின் நடுவை நேராக நோக்காது, இசைத்தட்டைக் கீறிக்கொண்டே போகும். பாட்டுக் கேட்க ஆசை என்றால் 1931-இல் வந்த எச்எம்வி 102 போன்ற மூடிப் பெட்டி மாடலைத் தேடுங்கள். அழகு குறைவுதான், போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. வாங்கும் முன் முழுச் சாவி கொடுத்து ஒரு பக்கம், சுமார் மூன்று நிமிடம், வேகம் தளராமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கரகரத்தால் பயப்பட வேண்டாம், ஒலிப்பெட்டியின் ரப்பர் இறுகியிருக்கும், மாற்றிவிடலாம்.

நாணயத்துக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ராமர் பட்டாபிஷேகம் போட்டு கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818-ம் பொறித்த காசு, கம்பெனி அச்சிட்ட காசே அல்ல. வெள்ளி ஒரு ரூபாய் 11.66 கிராம், கொஞ்சம் தேய்ந்திருக்கலாம், பத்தில் நின்றால் வைத்துவிடுங்கள். அரிசி இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று யாராவது மோசடிக் கதையைக் காதோடு பேச ஆரம்பித்தால் டீ குடிக்கப் போய்விடலாம்.

நிலை, கதவு, தூண் வாங்குகிறவர்கள் அறுத்த முனையைப் பாருங்கள். நடுவிலும் விளிம்பிலும் நிறம் வேறுபட்டால் சாயம். அடியில் மாவுபோல் மரத்தூள் கொட்டியிருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரத் தலை ஸ்குரூ 1930-களுக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது, நூற்றாண்டுக் கதவு என்று சொல்லும் இடத்தில் அது இருந்தால் எப்போது போட்டது என்று கேளுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள், மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடம். தனியார் இவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பழசுபோலத் தெரியும் எதை எடுத்துப் போவதானாலும், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்க வேண்டும், விமான நிலையத்தில் விளக்கம் எடுபடாது. கோயில் பெயரோ ‘உபயம்’ என்ற எழுத்தோ உள்ள விளக்கு, மணி, விக்கிரகம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். தந்தமும் அப்படியே. பில்லில் பொருளின் பெயர், உலோகம், சொன்ன வயது மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வயது பேச்சுக்குச் சொன்னது.

கண்ணாடி போட்ட படத்தைப் படுக்க வைத்து அனுப்பாதீர்கள், செங்குத்தாக நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடியின்மேல் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டினால் உடைந்தாலும் துண்டுகள் படத்தைக் கிழிக்காது. ஆனால் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் என்றால் வண்ணம் கண்ணாடியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் டேப்பும் படக்கூடாது, ஈரத்துணியும் படக்கூடாது.