பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா: நெல்லைக்காரர்கள் எங்கே போவது?

அரசு மருத்துவத்தில் பல்லைப் பிடுங்கிக்கொள்வது எளிது, காப்பாற்றிக்கொள்வதுதான் கடினம். ஆகவே பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல், வாயில் என்ன கோளாறு என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள். ஆடுகிற பல்லை எடுக்க, சிறிய சொத்தையை அடைக்க, கறை நீக்க அங்கே போவதே சரி. செலவில்லை, அலைச்சலும் இல்லை. வேர் சிகிச்சை (ரூட் கெனால், அதாவது பல்லைப் பிடுங்காமல் உள்ளே கெட்டதை நீக்கி அடைப்பது) என்றால்தான் சிக்கல். எக்ஸ்ரே, கருவி, மருந்து, நேரம் நான்கும் ஒரே நாளில் கூடிவர வேண்டும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். சுற்றினால்தான் கூலி. மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் கூலி போகும். "பிடுங்கிவிடுங்கள் டாக்டர், இன்னொரு நாள் வர முடியாது" என்றுதான் அவர் சொல்வார். முப்பது வயதில் நல்ல கடைவாய்ப் பல் ஒன்று அப்படித்தான் போகிறது. இதில் அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. பல் நோய் உயிருக்கு உலை வைக்கும் நிலைக்குப் போனால் இதற்கு ஈடு வேறில்லை. கீழ் ஞானப்பல்லில் சீழ் வைத்து, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவும் முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூச்சுக்குழாய் அடைபடலாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பைக்கில் விழுந்து தாடை உடைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கும் இதுவே இடம். மயக்க மருந்து நிபுணரும் பொது மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பது சின்ன விஷயமல்ல. புகையிலை போடுகிறவர் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் அவரையும் இங்கேதான் அழைத்து வர வேண்டும். ஆனால் ஒரு பல்லைக் காப்பாற்றப் பலமுறை வரவேண்டியவருக்கு, ஒவ்வொரு முறையும் ஓபி சீட்டு வரிசையில் நிற்பதிலேயே காலை கழிந்துவிடும்.

மூன்றாவது, காவல்கிணறு பகுதியில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரி. பல் மருத்துவக் கல்லூரி என்றாலே வேர், ஈறு, குழந்தைப் பல், பல்வரிசை என்று தனித்தனித் துறைகள் இருக்கும். பேராசிரியர் பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். கை மெதுவாக நகரும், கண்காணிப்பு கூடுதல். தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் இத்தகைய கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு. நிதானமாகப் போய்வரக்கூடியவர் பல்லைக் காப்பாற்ற விரும்பினால் என் தேர்வு இதுதான். போகுமுன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: வேர் சிகிச்சைக்குப் பின் பல்லின் மேல் மாட்டும் உறைக்கு (கேப்) தனியாக எவ்வளவு? பல பேர் உறை போடாமல் விட்டு, பல் பிளந்த பிறகுதான் திரும்பி வருகிறார்கள். பஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண கட்டண நகரப் பஸ்ஸில்தான் செல்லும், வெளியூர் பஸ்ஸில் செல்லாது.

தனியார் கிளினிக்கில் வேலை சீக்கிரம் முடியும், பணமும் கூடுதல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பிச் சாதாரண வேர் சிகிச்சைக்குக் கிளம்பாதீர்கள்.

பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழு 18 வயது வரை பார்க்கிறது. சொத்தைப் பல்லும் பிளவுபட்ட உதடு, அண்ணமும் அவர்கள் பட்டியலில் உண்டு. அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் இருக்கின்றன. 2023இல் புதுக்கோட்டையிலும் ஒன்று திறந்தார்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து மூன்றுமே தொலைவு. நெல்லைக்கு ஓர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வேர் சிகிச்சையில் முதுகலை படித்த மருத்துவர்களை ஹைகிரவுண்டில் நியமித்து, வாரம் ஒரு நாள் தாலுகா மருத்துவமனைகளுக்கு முறைவைத்து அனுப்பலாம். எக்ஸ்ரே கருவியும் பொருள்களும் அங்கே இருக்க வேண்டும். எந்தக் கிழமை வருவார் என்பதை ஓபி சீட்டு தரும் ஜன்னலில் எழுதி ஒட்ட வேண்டும்.