‘ஸ்டெம் செல்’ என்று சொல்லி வாங்கிய என் இரண்டு மாதச் சம்பளம்: பெற்றோர் கவனத்துக்கு

நேற்று மாலை வேறொரு பல் மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கிய பிறகுதான், என் இரண்டு மாதச் சம்பளம் எதற்குப் போனது என்பது புரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கீழே விழுந்ததில் என் எட்டு வயது மகளின் மேல் முன்பல்லில் அடிபட்டு, சில வாரங்களில் உள்ளிருந்த பற்கூழ் (நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்மையான திசு) செத்துச் சீழ் பிடித்தது. அந்த வயதில் நிலைப்பல் வெளியே முழுதாகத் தெரிந்தாலும், உள்ளே வேர் நுனி மூடாமல், சுவர் மெலிந்து, புனல்போல் இருக்கும். விளம்பரம் பலமாயிருந்த ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் மகளின் கன்னத்தைத் தட்டி, “ஸ்டெம் செல், அதாவது புதுத் திசுவாக வளரக்கூடிய செல், வைத்தால் வேர் தானாக வளர்ந்துவிடும், இன்றைக்கே முடித்துவிடலாம்” என்றார். அந்தக் கன்னத்தட்டலை நம்பித்தான் முழுத் தொகையையும் அப்போதே கட்டினேன்.

புதிய மருத்துவர் சொன்னபடி, வேரை வளரவைக்கும் இந்தச் சிகிச்சையின் வழக்கமான முறையில் வெளியிலிருந்து ஸ்டெம் செல் எதையும் வைப்பதே இல்லையாம். முதல் நாள் பல்லுக்குள் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்தை வைத்து மூடுவார்கள். சில வாரங்கள் கழித்து, தொற்று அடங்கியிருந்தால் மட்டுமே, மெல்லிய ஊசியால் வேர் நுனிக்கு அப்பால் தொட்டு இரத்தம் கசியவைத்து, உறைந்த இரத்தத்தின் மேல் எம்.டி.ஏ. போன்ற சிமெண்டால் அடைப்பார்கள். அந்த இரத்தத்தோடு வருபவைதான் ஸ்டெம் செல்கள். குழந்தையின் சொந்த இரத்தத்துக்கா இரண்டு மாதச் சம்பளம்? எங்களுக்கோ, எச்சில் படாமல் பல்லைத் தனித்து வைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம்கூடப் போடாமல், பஞ்சால் ஒற்றி, சீழ் இருந்த பல்லை ஒரே அமர்வில் அடைத்து அனுப்பினார்கள்.

ஐந்தாவது வாரம் ஈறில் கடுகளவு கொப்புளம் வந்தது, அழுத்தினால் சீழ். பல்லும் சாம்பல் நிறமாகியிருந்தது. தொலைபேசியில் கேட்டால், “உயிர் வரும்போது அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அடுத்த முறை டாக்டர் கருத்தரங்கில் இருந்தார். அதற்கடுத்த முறை, குழந்தை எதையாவது கடித்திருப்பாள் என்றார்கள். நேரில் போனபோது நான் படிக்காமல் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். எக்ஸ்ரேயின் நகலைத் தர மறுத்தார்கள்.

இத்தனைக்கும், முறைப்படி செய்தாலும் வேர் வளர்வது உறுதியில்லை என்றும், உள்ளே உருவாவது பெரும்பாலும் உண்மையான பற்கூழ் அல்ல என்றும், பல் நிறம் மாறக்கூடும் என்றும் புதிய மருத்துவர் முதல் நாளே சொன்னார். அதைச் சொல்ல அவர் காசு கேட்கவில்லை.

அவசரமாகச் சில வார்த்தைகள்: சீழ் பிடித்த பல்லை ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். நகலைக் கையோடு வாங்குங்கள்.

இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டு இன்று காலையும் அழைத்தேன். திங்கட்கிழமை பேசச் சொன்னார்கள். போன வாரமும் திங்கட்கிழமைதான் சொன்னார்கள்.