கிணற்றுச் சுவர் இடியாமல் இருக்க: ஜியோமெக்கானிக்ஸ் மாடலோடு பல வருடம்

கோலாலம்பூரில் கேஎல்சிசி பக்கம் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, தெரெங்கானு கடலில் தோண்டும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஜியோமெக்கானிக்ஸ் மாடல் (பாறையின் வலிமையையும் அதன் மேல் உள்ள அழுத்தங்களையும் கணக்கிடும் மாடல்) போடுகிறவன் நான். இதற்குச் செலவு செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் போட்டு முடித்த மாடலை அலமாரியில் வைப்பதாக இருந்தால் வேண்டாம்.

மாடல் தருவது மட் வெயிட்டுக்கு (தோண்டும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றுத் திரவத்தின் அடர்த்திக்கு) இரண்டு எல்லைகள். குறைந்தால் சுவர் இடியும், வாயு உள்ளே வரும். கூடினால் பாறை பிளந்து மட் அதற்குள் போய்விடும். அதிகம் கைகொடுத்தது பழைய வயல்களில்தான். எண்ணெய் எடுத்து எடுத்து மணற்பாறையில் அழுத்தம் இறங்கியிருக்கும், அது பிளக்கும் அளவும் கூடவே இறங்கும். மேலே உள்ள ஷேல் என்னும் களிமண் பாறையோ பழைய மட் வெயிட்டையே கேட்கும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு சுருங்கியது, கேசிங்கை (சுவரைத் தாங்கும் எஃகுக் குழாயை) எங்கே நிறுத்துவது, கிணற்றை எவ்வளவு சாய்க்கலாம் என்பதையெல்லாம் கிணறு தொடங்கும் முன்பே பேசி முடிக்கலாம்.

எரிச்சல் தந்தவையும் உண்டு. பாறையின் வலிமைக்குப் பலர் எடுப்பது ஹோர்ஸ்ருட் என்ற ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட சூத்திரம். அது வட கடல் ஷேலை வைத்துச் செய்தது. துளை அழுத்தத்தை (பாறைத் துளைகளில் உள்ள திரவத்தின் அழுத்தத்தை) கணக்கிடும் ஈட்டன் சூத்திரத்தில், சோனிக் அளவுக்கு (ஒலி பாறையைக் கடக்கும் நேரத்துக்கு) அடுக்கு எண் 3 என்று மென்பொருள் தானாகவே போட்டுக்கொள்ளும். சூடு அதிகமான, நாங்கள் தோண்டும் மலாய்ப் படுகையின் ஆழத்தில் அது அழுத்தத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு ஓகே அழுத்தினால் போச்சு.

அப்புறம் கேவிங்ஸ், அதாவது சுவரிலிருந்து உடைந்து மேலே வரும் பாறைத் துண்டுகள். ஒருமுறை ரிக்கிலிருந்து (தோண்டும் மேடையிலிருந்து), மட் திரவத்தைச் சலிக்கும் ஷேக்கரில் வரும் துண்டுகளைப் பார்க்கும் மட் லாக்கர் தம்பி கூப்பிட்டான்: “அண்ணே, ஷேக்கர்ல துண்டு துண்டா வருது, வெயிட்ட ஏத்தச் சொல்றாங்க.” படம் அனுப்பச் சொன்னேன். தட்டையான துண்டுகள், இரண்டு பக்கமும் இணையான முகம். ஏற்கெனவே விரிசல் விட்ட பாறையின் அடையாளம் அது. வெயிட்டை ஏற்றினால் மட் விரிசலுக்குள் புகுந்து இன்னும் மோசமாகும். கோணல்மாணலாக வந்திருந்தால் நானே ஏற்றச் சொல்லியிருப்பேன். சிம்பு சிம்பாக வந்தால் துளை அழுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெயிட்டை அப்படியே விட்டு, விரிசலை அடைக்கும் பொருளைச் சேர்த்து, பம்பின் வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்கினார்கள். அன்று இரவே மாடலிலும் அந்த விரிசல் தளங்களைச் சேர்த்தேன்.

முப்பரிமாண மாடலா? பிளவுப் பெயர்ச்சிகள் (பாறை பிளந்து நகர்ந்த இடங்கள்) நெருக்கமாக உள்ள இடத்துக்குச் சரி. மற்றபடி கிணற்றுப் பாதையில் மட்டும் கணக்கிடும் ஒற்றைப் பரிமாணமே போதும், மிச்சக் காசில் ஷேலுக்குக் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்து வலிமையைச் சோதியுங்கள்.