வீட்டு வாசலில் வெள்ளவத்தைக் கடல், குளிக்கப் போவது கல்கிசைக்கு: ஏன்?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். மரைன் டிரைவுக்கு ஐந்து நிமிட நடை. இருந்தும் பிள்ளைகளைக் கடலில் குளிக்கக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கோச்சி (ரயில்) ஏறிக் கல்கிசைக்குத்தான் போகிறோம். "வாசலில் கடலை வைத்துக்கொண்டு அங்கே என்னத்துக்குப் போறீங்கள்?" என்று மாடிக்கு மாடி கேட்டுவிட்டார்கள். பாடசாலை விடுமுறை வருகிறது, இந்தக் கேள்வி மற்ற வீடுகளிலும் எழும். அதனால் நாங்கள் யோசித்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் கழித்துவிட வேண்டியவை. கொழும்பில் ஏரிகளுக்குக் குறைவில்லை, ஆனால் இறங்கிக் குளிக்க ஒன்றும் தேறாது. பேர வாவியின் வாசனையே பதில் சொல்லிவிடும். தியவன்னாவைச் சுற்றி நடக்கலாம், அவ்வளவுதான். பொல்கொட பெரிய வாவி, படகு விட அருமையான இடம். ஆனால் முதலை இருக்கிற தண்ணீர் அது. காலிமுகத்திடலில் கால் நனைத்துவிட்டு இறால் வடை சாப்பிட்டு வரலாம். மட்டக்குளிப் பக்கம் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா பின்னேரம் காற்று வாங்க நல்லது. ஆனால் களனி கங்கை ஊர் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு கடலில் விழுவது அதற்குப் பக்கத்தில்தான். மிஞ்சுவது நான்கு: வெள்ளவத்தை தெஹிவளைக் கரை, கல்கிசை, துறைமுக நகரத்தின் செயற்கைக் கடற்கரை, நீச்சல் தடாகம்.

எதைத் தேர்ந்தாலும் மாதத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர்கள் ஜூலை, ஆகஸ்டில் வந்து இறங்கி "பீச்சுக்குப் போவோம்" என்பார்கள். அவர்களுக்கு அது கோடை விடுமுறை. நமது மேற்குக் கரையில் அது தென்மேல் பருவக்காற்றுக் காலம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும், கரை மணலை அலை அரித்துச் சரிவாக்கிவிடும், இரண்டடி வைத்தால் கழுத்தளவுத் தண்ணீர். டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரைதான் பிள்ளைகளோடு இறங்கக்கூடிய கடல். அதிலும் மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடியும் மின்னலும் வரும். சித்திரை விடுமுறையில் போகிறவர்கள் காலையிலேயே போய்விட்டு மத்தியானத்துக்குள் வீடு வந்து சேருவது நல்லது.

வெள்ளவத்தைக் கரையின் நன்மைகளைச் சொல்லத் தேவையில்லை: பக்கம், செலவில்லை, குளித்துவிட்டு வீட்டுக் குழாயில் உப்புக் கழுவலாம். விடியற்காலையில் அங்கே குளிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் குழி, எந்தப் பக்கம் இழுவை என்று அவர்களுக்கு மனப்பாடம். கின்ரோஸ் நீச்சல் கழகப் பக்கம் நீச்சலும் உயிர்காப்பும் பழகியவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல கடல், மறுக்கமாட்டேன். நான் ஒன்பது வயதுப் பிள்ளையோடும் ஆறு வயதுப் பிள்ளையோடும் போகிறேன்.

அங்கே போக முதலில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். கரையோர ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. அலைச் சத்தத்தில் கோச்சி கிட்ட வரும்வரை காதில் விழாது. குளித்து முடித்து ஈரக்காலோடு, கையில் செருப்போடு திரும்புகிறபோதுதான் பிள்ளைகள் முன்னால் ஓடும். அதைத் தாண்டினால் கரை காக்கப் போட்ட பெருங்கற்கள். பாசி பிடித்த கல்லில் பிள்ளையைக் கையில் பிடித்து இறக்குவது ஒரு வித்தை. மழை பெய்த மறுநாள் கால்வாய் கடலில் விழுகிற வாயருகே தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், பொலித்தீன் மிதக்கும், அன்றைக்கு இறங்கவே கூடாது. முதலையும் கட்டுக்கதை இல்லை. 2022 தொடக்கத்தில் தெஹிவளைக் கடலில் சுழியோடிய ஒருவர் முதலை தாக்கி இறந்தார். அடிக்கடி நடப்பதில்லைதான். ஆனாலும் கால்வாய் வாய்ப்பக்கம் நான் பிள்ளைகளை விடுவதில்லை.

இதெல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். என்னை வெள்ளவத்தையில் இருந்து கிளப்பியது வேறொன்று: நாங்கள் இறங்குகிற இடத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆளில்லை.

கல்கிசையில் ஆள் இருக்கிறது. ரயில் நிலையத்தில் இறங்கினால் மணல். மவுண்ட் லவினியா ஹோட்டல் நிற்கிற முனைக்கு வடக்கே நீளுகிற கரையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் கடமையில் நிற்பார்கள். கையில் விசில், பக்கத்தில் கயிறு கட்டிய மிதவை. கொடியைப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறோம். சிவப்பு என்றால் கடலில் இறங்கக் கூடாது, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் குளிக்கலாம். கொடியே கண்ணில் படாவிட்டால் கடமையில் நிற்கிறவரிடம் போய்க் கேட்பேன். கேட்டால் எரிச்சல்படுகிறவர்களை இதுவரை பார்க்கவில்லை. உண்மையில் கேட்கிறவர்கள்தான் குறைவு.

அப்படி ஒருமுறை கேட்டபோதுதான் நான் கடலைப் பார்க்கிற விதமே மாறியது. அலை குறைவாக, சற்றுக் கருமையாக, அமைதியாகக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டி, "அங்கே பிள்ளைகளோடு நிற்கலாம்தானே?" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "அக்கா, முதலில் இறங்கக் கூடாத இடமே அதுதான்." அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டு எங்கே வெட்டுப்பட்டு ஆழமாக இருக்கிறதோ அந்த வழியால் அது ஒடுங்கிய ஆறாகக் கடலுக்குள் ஓடும். ஆழமான இடத்தில் அலை உடையாது, அதனால் மேலே அமைதி தெரியும். நீந்தத் தெரியாத குடும்பங்கள் "இங்கே அலை இல்லை" என்று தேடிப்போய் இறங்குவது அங்கேதான். பாறைகளையும் கல்லணைகளையும் ஒட்டியும் இப்படி இழுவை உண்டாகும். வெள்ளவத்தைக் கரையில் கல்லணைகளுக்குக் குறைவே இல்லை என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

அந்த இழுவை ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துகிறவர் களைத்துப் போகிறார், ஆபத்து அந்தக் களைப்பில் வருகிறது. மிதந்துகொண்டு கையைத் தூக்க வேண்டும். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டம் ஓய்ந்த இடத்தில் கரைக்குத் திரும்ப வேண்டும். சரி, இதை எழுதுவது சுகம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் இது ஞாபகம் வருமா? கையைத் தூக்கினால் யார் பார்க்கப் போகிறார்கள்? கல்கிசையில் அதைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற ஒருவர் நிற்கிறார். கோச்சிக் காசும் அலைச்சலும் எனக்குப் பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்த்தாலே புரியும். யாராவது கொஞ்சம் நகர்ந்து போகும்போதே விசில் வந்துவிடும். முதலில் ஒரு சின்ன ஊதல், கையால் "இங்கால வா" என்று சைகை. கேட்காவிட்டால் நீட்டி ஊதுவார், மிதவையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரோரம் நடப்பார். பெரும்பாலான நாட்களில் கதை அங்கேயே முடிந்துவிடும். எங்கள் பெரியவனுக்கு இந்த விசில் மேல் கோபம், "நான் தூரப் போகவே இல்லையே" என்பான். அவன் போகவில்லைதான். நின்றபடியே தண்ணீரோடு பக்கவாட்டில் நகர்ந்திருப்பான், அது அவனுக்கே தெரியாது. கரையில் ஒரு குடையையோ கடையின் பெயர்ப்பலகையையோ அடையாளம் வைத்து அடிக்கடி திரும்பிப் பார்க்கச் சொல்லிப் பழக்கிய பிறகு விசில் குறைந்திருக்கிறது.

ஆனால் உயிர்காப்பாளர் நிற்கிறார் என்று பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது. மூழ்குகிற பிள்ளை படத்தில் வருவது போலக் கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போகும்போது மூச்சு எடுக்கவே நேரம் போதாது, சத்தம் எங்கிருந்து வரும்? ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால் எங்கள் வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் பார்வைக்கு நிற்போம். நிற்கிறவர் கையில் போன் இருக்கக் கூடாது. சின்னவளுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எப்போதும் ஒருவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும்.

கல்கிசையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறும் போயா தினமும் சனக்கூட்டம் தாங்காது. அத்தனை தலைகளையும் ஒரு சிலர் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு விளங்கும். மத்தியானத்துக்குப் பிறகு குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிற கூட்டம் வரும், காவலர்களின் பாதிக் கவனம் அவர்களோடு போய்விடும். உயிர்காப்பாளர்கள் நிற்பது கரையின் ஒரு பகுதியில்தான். அமைதி வேண்டுமென்று நடந்து தூரப் போனால் வெள்ளவத்தையில் குளித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பொழுதுபட்டால் காவலும் இல்லை. மணல் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும். 2020இல் கடலுக்குள் இருந்து மணல் கொண்டுவந்து கொட்டினார்கள், அதில் நிறையக் கடலே திருப்பி எடுத்துக்கொண்டது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையெங்கும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளை, அரிசி போல வெள்ளையாக, மணலைக் கிளறுகிற பிள்ளைகள் பிறகும் கண்டெடுத்தார்கள். அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமென்றால் கடைகளில் காசு கொடுத்துக் கழுவலாம், விலையை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

துறைமுக நகரத்தைப் பற்றி நான் எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசியுங்கள். அங்கே நாங்கள் போனது குறைவு, அதுவும் குளிப்பதை விட வேடிக்கை பார்க்கத்தான். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர் நிலம், வெளியே அலைதாங்கி. உள்ளே தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கிறது. சின்னப் பிள்ளைகளின் கால் நடுங்காது. கூட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், இடம் சுத்தம். வெயிலுக்கு ஒதுங்க நிழல் போதாது, கட்டடமும் வீதியும் சுடுகின்றன. அலை இல்லாத தண்ணீரிலும் பிள்ளை மூழ்கலாம் என்பதால், அன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா, உயிர்காப்பாளர் எங்கே நிற்கிறார் என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். கல்கிசையைப் போலப் பழகிய பிறகு என் அபிப்பிராயம் மாறினாலும் மாறலாம்.

நீச்சல் தடாகத்தைக் கடலுக்குப் போட்டியாக வைப்பதே சரியில்லை. நீந்தப் பழக அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. சுகததாச விளையாட்டரங்கத் தடாகம் முதல் கழகங்கள், பாடசாலைகள், ஹோட்டல்கள் வரை கொழும்பில் தெரிவு இருக்கிறது. ஆழம் சுவரில் எழுதியிருக்கும், பயிற்றுநர் கரையில் நிற்பார், மே மாதம் வந்தாலும் அலை கிடையாது. எங்கள் பிள்ளைகள் மூச்சு விடவும் மிதக்கவும் பழகியது அங்கேதான். பிரச்சினை குடும்பமாகப் போவதில். நீச்சலுடையும் தொப்பியும் இல்லாமல் பல தடாகங்களில் இறங்க விடமாட்டார்கள். சுகாதாரத்துக்கு அது சரியான விதிதான், ஆனால் என் அம்மா எந்தக் காலத்தில் நீச்சலுடை போடப் போகிறார்? கல்கிசையில் அவர் சட்டையோடு முழங்காலளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, அலை வரும்போதெல்லாம் பேத்தியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரிப்பார். ஆளுக்கு ஆள் கட்டணம், மணிக்கணக்கு, அங்கத்துவம் என்று செலவும் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று: தடாகத்தில் நாலு நீளம் நீந்துகிற பிள்ளைக்குக் கடலிலும் நீந்தத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். "சேர், இவன் இப்ப கடலில் இறங்கலாமா?" என்று பயிற்றுநரைக் கேட்டேன். "தாயோ தகப்பனோ பக்கத்தில் நின்றால் இறங்கலாம்" என்றார். நீந்தத் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற அதே பதில்.

ஆக, மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தடாகம், டிசம்பர் முதல் சித்திரை வரை கல்கிசை என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளவத்தைக் கரைக்கு நடக்கவும் சூரியன் மறைவதைப் பார்க்கவும் போகிறோம், உடுப்பு நனையாமல். தனியாள், நல்ல நீச்சல்காரர், அந்தக் கரையை அறிந்தவர்களோடு போகிறார் என்றால் என் கணக்கு அவருக்குப் பொருந்தாது. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து போகிற குடும்பம் என்றால் கல்கிசைதான் என்பேன்.

போகிறவர்கள் விடுமுறைக் காலத்து வாரநாளில் காலைக் கோச்சியில் போங்கள். வேலைக்குப் போகிற கூட்டம் கோட்டைப் பக்கம் போவதால் கல்கிசைப் பக்கம் போகிற பெட்டியில் இடம் கிடைக்கும். சால்வையை வீட்டில் விட்டுவிடுங்கள், நனைந்தால் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். கோச்சி பிந்தினால் காலி வீதிக்கு ஏறி 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடிக்கலாம். ஈர உடுப்போடு ஏறினால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார், மாற்று உடுப்போடு ஒரு பழைய சாரமும் எடுத்துப் போங்கள், சீட்டில் விரிக்க உதவும்.