பண்ணவாடிப் பரிசல்: மே மாதம் போங்கள், செருப்பை மறக்காதீர்கள்

2024-இல் பண்ணவாடிப் பரிசல் துறைக்கு இரண்டு முறை போனேன். மே மாதம் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை. சேலத்திலிருந்து மேட்டூர் போய், கொளத்தூர் வழியாக இறங்கினால் துறை வந்துவிடும். பரிசல்காரர் இரண்டு தடவையும் அதே பெரியவர்தான். ஐந்து பேருக்கு ஆயிரம் ரூபாய் என்ற பேச்சிலும் மாற்றமில்லை. ஆனால் அவர் காட்டிய இடம் இரண்டு தடவையும் ஒன்றில்லை.

மே மாதம் மேட்டூர் அணையில் தண்ணீர் 50 அடிக்குப் பக்கத்தில் கிடந்தது. முழு நீர்மட்டம் 120 அடி. அந்த வித்தியாசத்தை எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. துறைப் படியில் நின்று பார்த்தால் தலை சுற்றும். படிக்குக் கீழே தண்ணீரே இல்லை. பரிசல் எங்கோ தூரத்தில் கவிழ்த்த கூடை மாதிரி தெரிந்தது. அதுவரை நடைதான். எதிர்மலைச் சரிவில் கோடு கிழித்தது போல ஒரு எல்லை: அதற்கு மேலே மரம், செடி, கீழே ஒரு புதர்கூட இல்லாத மொட்டைப் பாறையும் செம்மண்ணும். நிரம்பினால் தண்ணீர் அந்தக் கோடுவரை வரும் என்றார் பெரியவர்.

நடந்த நிலம் முழுக்க வெடித்த வண்டல். அப்பா அதில் ஒரு பாளத்தைப் பெயர்த்து எடுத்தார். தோசைக்கல் அகலம் இருக்கும், கனம் அதைவிட அதிகம். உடைந்த ஓரத்தில் மெல்லிய கோடுகள், வெளிர் நிறம், அடர் நிறம் என்று மாறி மாறி. "ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பூச்சு பூசிட்டுப் போகுதுங்க" என்றார் பெரியவர். நடுவில் சிப்பி ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. இன்னும் கொஞ்சம் மேட்டில் வெறும் வண்டல் ஈரத்தை நம்பி யாரோ சோளம் போட்டிருந்தார்கள்.

அப்புறம் நந்தி. 1934-இல் அணை கட்டி முடித்தபோது முழுகிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயிலுடையது. தண்ணீர் சுமார் 70 அடிக்குக் கீழே போனால் தலை காட்டும் என்பார்கள். நாங்கள் போன அன்று பக்கத்தில் போய்த் தொட முடிந்தது. கழுத்தில் வாடிய மாலை, காதுமடலில் காய்ந்த சேறு. சற்றுத் தள்ளி மாதா கோயிலின் கோபுரங்கள். பெரியவரின் தாத்தா வீடும் இந்தப் பக்கம்தான் எங்கோ இருந்ததாம். எங்கே என்று கேட்டதற்குத் துடுப்பால் சும்மா ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

இவ்வளவு நடந்த பிறகு பரிசல் சவாரி சின்னதாகத்தான் இருந்தது. காவிரி தன் பழைய தடத்துக்குள் ஒடுங்கிப் போயிருந்தது. அக்கரை நாகமரைப் பக்கம் போய்த் திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. "இதுக்கா ஆயிரம்?" என்று தம்பி முணுமுணுத்தான். எனக்கு அந்தக் குறை இல்லை. அணை வருவதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் ஆறு எவ்வளவு அகலத்தில் ஓடியிருக்கும் என்பதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

அந்த வருடம் வழக்கமான ஜூன் 12-இல் அணையைத் திறக்க முடியவில்லை. திறந்தது ஜூலை 28. இரண்டே நாளில், 30-ஆம் தேதி, 120 அடியைத் தொட்டது. அதைக் கேட்டதும் மறுபடி போகத் தோன்றிவிட்டது.

ஆகஸ்டில் பரிசல் துறையிலேயே நின்றது. நடையே இல்லை, சேறும் இல்லை, அம்மாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். சவாரியும் நீளம், காற்றும் சுகம். படம் எடுக்க வருபவர்களுக்கு இந்தப் பருவம்தான் பிடிக்கும். எனக்கு அரை மணியில் அலுத்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தண்ணீர். அந்த மொட்டைப் பாறைக் கோட்டைத் தேடினேன். மரங்கள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது போல இருந்தன.

குறை என்றால் ஒன்றுதான், அதுவும் சின்னக் குறை இல்லை. இரண்டு தடவையும் உயிர்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மே மாதம் ஆள் கணக்குக்கு ஒன்று குறைந்தது. தம்பி அது இல்லாமலேயே உட்கார்ந்தான். தண்ணீர் நிறைந்த காலத்தில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள். கட்டணத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். மே மாதம் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், அந்த வண்டலில் ஒதுங்க நிழலே கிடையாது. திரும்பும்போது மேட்டூரில் பொரித்த கெளுத்தி சாப்பிட்டோம், காரம் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் சவாரியில் நடுவே ஓரிடத்தில் பெரியவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரிசல் மெதுவாகச் சுற்றியது.

"ஏம்மா, அன்னைக்கு நந்தியைத் தொட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்கய்யா. எந்தப் பக்கம்?"

"நேரா கீழே" என்றார்.